விளக்குப் பிடிக்கும் பேய்க்கு என்ன சம்பளம்?

தமிழில் ஃபேன்டஸி எழுதும் இளைய நண்பர்களுக்கு,

உங்களில் சிலர் கதைகளை அனுப்பி, படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறீர்கள். நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் சின்ன வயதில் படித்ததெல்லாம் ஒற்றைப் பேய்க் கதைகள். ஒரு புளியமரம், ஒரு பேய், ஒரு ராத்திரி, அதோடு சரி. உங்கள் பேய்களுக்குத் தலைநகரம் இருக்கிறது, படை இருக்கிறது, கஜானாகூட இருக்கிறது. வளர்ச்சிதான், சந்தோஷம். ஆனால் கோப்பைத் திறந்ததும் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் அட்டவணை வருகிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். உச்சியில் அரக்க வேந்தன். அவனுக்குக் கீழே நான்கு தளபதிகள், சிலரிடம் ஏழு. அதற்கும் கீழே உயர்நிலை, இடைநிலை, கடைநிலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் சக்தி எவ்வளவு என்று ஓர் எண். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை சலித்துவிட்டது. அதனால் எல்லோருக்குமாக இந்த ஒரே மடல்.

அட்டவணை போடுவதில் தப்பில்லை. போட்டபிறகு அதை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அது ஒரு மாடிப்படி. கதாநாயகன் கடைநிலையில் காலை வைத்து, ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டே மேலே போகிறான். வேந்தனை வெட்டியதும் நாவல் முடிந்துவிடுகிறது. நடுவில் செத்த நூறு பேரில் ஒருவராவது ஏன் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்கு ஏன் அடங்கிப் போகிறான்? 'அவன் பலசாலி' என்று ஒருவர் எனக்குப் பதில் எழுதியிருந்தார். பலசாலியும் தூங்குவான். பலசாலி பாதாளத்தின் இன்னொரு மூலைக்குப் போயிருக்கும் மூன்று நாளில் இங்கே ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

இந்த விஷயத்தில் நீங்கள் யாருக்கு வாரிசு என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பாவில் யோஹான் வையர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். சூனியக்காரிகள் என்று பிடித்துக் கொளுத்தப்பட்ட பெண்களில் பலர் மனநோயாளிகள், அவர்களை விட்டுவிடுங்கள் என்று 1563-இல் புத்தகம் போட்ட மனிதர். அந்தக் காலத்தில் அதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும். அதே புத்தகத்தோடு 1577-இல் ஒரு பின்னிணைப்பும் சேர்த்தார். 69 பேய்களின் பட்டியல். யார் அரசன், யார் பிரபு, யார் சீமான், யாருக்குக் கீழே எத்தனை படையணிகள் என்று முழு விவரம். மந்திரவாதிகள் நம்பும் அபத்தத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே அவர் நோக்கம். யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று சில பகுதிகளை வேண்டுமென்றே விட்டும் வைத்தார். பலன் நேர்மாறாகப் போய்விட்டது. அந்தப் பட்டியலும் அதன் வழிவந்த மந்திர ஏடுகளும்தான் இன்றைக்கு வீடியோ கேமிலும் மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையிலும் வரும் பல பேய்ப் பெயர்களுக்கு ஊற்று. உங்கள் கதைகளில் இரண்டு முறை பார்த்த பைமோனும் அங்கிருந்து வந்தவர்தான்.

அந்தப் பைமோனைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் அரசன். தலையில் கிரீடம், ஒட்டகத்தின்மேல் சவாரி, முன்னால் மேளதாளம். இருநூறு படையணிகள். ஆனால் அவர் வாயைத் திறந்தால் வெறும் உறுமல், ஒன்றும் புரியாது. கூப்பிட்டவன் அதட்டிக் கேட்டால்தான் புரிகிற மொழியில் பேசுவார். கேட்டால் சிரிப்பு வருகிறது, எனக்குக் கொஞ்சம் பயமும் வருகிறது. பெரிய பதவியில் இருப்பவர் புரியும்படி பேசவேண்டிய கட்டாயமே இல்லாமல் வாழ்ந்துவிட்டார் என்பது அந்த ஒரு விவரத்திலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, ஒட்டகத்தையும் உறுமலையும் விட்டுவிட்டு, 'சக்தி: 9500' என்று போட்டிருக்கிறீர்கள். வையர் காலத்துப் பேய்கள் பிரபுக்களும் சீமான்களுமாக இருந்ததற்குக் காரணம், அவரும் அவர் காலத்தவரும் கண்ட அரசாங்கம் அப்படித்தான் இருந்தது. தமக்குத் தெரிந்த அரண்மனையைத்தான் அவர்கள் பாதாளத்தில் கட்டினார்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து அமெரிக்காவில் 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்த 'எல்ட்ரிச் விசர்ட்ரி' என்ற இணைப்பு நூலில்தான் அதற்குள் டீமன்கள் நுழைந்தன. நுழையும்போது அவற்றில் பெரும்பாலானவற்றின் அடையாளம் டைப் 1, டைப் 2 என்று ஆறுவரை போன எண்கள்தான். மருந்துக்கடைச் சீட்டுப் போல. ஆறாம் ரகம் டோல்கீன் நாவலில் வரும் பால்ராக் என்ற அரக்கனை அப்படியே உரித்து வைத்தது. டோல்கீன் உரிமைக்காரர்கள் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்ததும் பால்ராக் 'பாலார்' ஆனது, ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது. அந்த விளையாட்டுக்கு எண் தேவைதான். மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். அடி பட்டதா, எவ்வளவு பட்டது என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். நாவலில் பகடை உருட்டுவது யார்?

ஆனால் அதே விளையாட்டு பிற்பாடு செய்த ஒரு காரியத்தை நீங்கள் கவனித்திருக்கலாம். டீமன், டெவில் என்று இரண்டு இனங்களைப் பிரித்து, இரண்டுக்கும் முடியாத யுத்தம் ஒன்றை மூட்டிவிட்டார்கள். டெவில்களின் ஊர் ஒன்பது அடுக்கு நரகம். அங்கே எல்லாம் சட்டப்படி, ஒப்பந்தப்படி. அடியில் கிடப்பது லெமூர் என்கிற உருவமே இல்லாத சதைக் குழம்பு. அது படிப்படியாக மேலே போகலாம். மேலே இருப்பவன் தப்புச் செய்தால் பதவி இறக்கமும் உண்டு. உச்சியில் அஸ்மோடியஸ். டீமன்களின் அதலபாதாளத்தில் இந்த வழக்கெல்லாம் செல்லாது. எவன் அடித்துப் பிடுங்குகிறானோ அவனுடையது. அங்கே டெமோகார்கன் தன்னை டீமன்களின் இளவரசன் என்று சொல்லிக்கொள்கிறான். ஓர்கஸ் ஒத்துக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு டெமோகார்கனுக்கு இரண்டு தலைகள், ஒன்றுக்கொன்று ஆகாது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை எடுத்தவர்கள் உங்களில் உண்டு. அந்த இரண்டு தலைச் சண்டையை எடுத்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஒரு கூட்டத்தைப் பத்திரமும் கையெழுத்தும் பிடித்து வைத்திருக்கின்றன, இன்னொன்றைப் பயம் மட்டும். இரண்டும் எப்படி நடந்துகொள்ளும், எங்கே உடையும், எதற்கு லஞ்சம் வாங்கும் என்பது இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே வளர்ந்துவிடுகிறது. உங்கள் கதையில் பதவியைத் தாங்குவது எது? அதை மட்டும் நீங்கள் முடிவுசெய்துவிட்டால் அட்டவணை தானாக எழுந்து நடக்கும்.

உங்களில் பாதிப் பேருக்குமேல் பார்த்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'கிமெட்சு நோ யாய்பா', அதாவது டீமன் ஸ்லேயர். கோயோஹாரு கொதோகே 2016-இலிருந்து 2020 வரை தொடராக வரைந்து 23 தொகுதிகளில் முடித்த மாங்கா. உங்கள் அட்டவணைகளில் பாதி அதன் சாயலில்தான் இருக்கின்றன. மேலே முஸான், கீழே பன்னிரண்டு பேர், அதில் மேல் ஆறு, கீழ் ஆறு, கண்ணிலேயே பொறித்த எண். நகலெடுத்ததை நான் குறை சொல்லவில்லை. நகலெடுத்த இடம்தான் தப்பு. அதில் எடுக்கவேண்டியது கீழ் ஆறு பேரின் கூட்டம்.

ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கீழ் ஐந்தாம் இடத்து ரூயி செத்துவிட்டான். மிச்சம் இருந்தவர்களை முஸான் திடீரென்று கூப்பிட்டனுப்புகிறான். தலைகீழாகத் தொங்கும் அறைகளுள்ள கோட்டையில் வந்து விழுகிறார்கள். எதிரே கறுப்புக் கிமோனோவில் ஒரு பெண். அது முஸானின் வேஷம் என்பதுகூட அவர்களுக்கு உடனே பிடிபடவில்லை. ஒருவன் மனதுக்குள் ஏதோ நினைக்கிறான், அது கேட்டுவிடுகிறது, செத்தான். ஒருத்தி எதிரிகளைக் கண்டு பயமில்லை என்கிறாள், அவள் மனதில் ஓட்டம் தெரிகிறது, அவளும் போனாள். ஒருவன் ஓடிப் பார்க்கிறான். இன்னொருவன் கொஞ்சம் அவகாசம், கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் சாதித்துக் காட்டுகிறேன் என்கிறான். என்னிடமே கேட்கிறாயா என்று அவனுக்கும் முடிவு. பிழைப்பது எம்மு ஒருவன்தான். மற்றவர்கள் சாவதைக் கேட்டு ஆனந்தமாக இருந்தது என்று உருகியதால்.

அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை. எந்தப் பதில் சொன்னாலும் தப்பாகிற கூட்டத்தில் நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். முஸான் எவ்வளவு பலசாலி என்பதை அதுவரை நூறு பக்கம் சொல்லியும் வராத நடுக்கம், அவனுக்குக் கீழே இருப்பவர்களின் வியர்வையில் வந்துவிட்டது. அட்டவணையின் கீழ்ப்பாதி எதற்கு இருக்கிறது என்று கேட்டால், இதற்குத்தான்.

ஜொனாதன் ஸ்ட்ரௌடின் பார்டிமேயஸ் நாவல்களை உங்களில் யாராவது படித்திருப்பீர்களா தெரியவில்லை. முதலாவது 2003-இல் வந்தது. மந்திரவாதிகள் ஆளும் ஒரு லண்டன். அவர்களுக்கு வேலை செய்யும் ஆவிகளில் இம்ப், ஃபோலியட், ஜின், இஃப்ரித், மாரித் என்று ஏறுவரிசை. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ஜின்னும் இஃப்ரித்தும் புதுச் சொற்கள் அல்ல. சுலைமான் நபிக்கு அரியணையைத் தூக்கிவர முன்வந்த இஃப்ரித்தின் கதை அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். ஸ்ட்ரௌட் செய்த கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், கதையைச் சொல்லும் பொறுப்பில் பாதியை நடுப்படியில் இருக்கும் ஒரு ஜின்னிடம் கொடுத்துவிட்டார். அதற்கு 'டீமன்' என்று யாராவது சொன்னால் கோபம் வரும். அது எஜமானர்கள் வைத்த பெயர். அந்த வரிசையில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் எல்லா ஆவியும் அடிமைதான், பூமியில் தங்கத் தங்கத் தேய்ந்துகொண்டே போகும் அடிமை. மந்திரவாதி ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் அடுத்த நொடி அவனையே தின்றுவிடும். வரிசை யாருக்காகப் போடப்பட்டது என்ற கேள்வியை நான் அங்கேதான் முதலில் கற்றேன். உங்கள் நாவலில் பேய்களுக்குத் தரம் பிரித்தது யார்? பேய்களேவா, அவற்றை வேட்டையாடுகிறவர்களா? இரண்டும் ஒரே பட்டியலாக இருக்க வாய்ப்பே இல்லை.

சி.எஸ். லூயிஸின் நரகம் ஓர் அலுவலகம். 1942-இல் புத்தகமாக வந்த 'ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்' முழுக்கச் சித்தப்பா சாத்தான் பயிற்சி நிலையில் இருக்கும் அண்ணன் மகனுக்கு எழுதும் கடிதங்கள். சித்தப்பாவா மாமாவா என்பதை ஆங்கிலம் சொல்லாது. நான் சித்தப்பா என்று வைத்துக்கொண்டேன். பாசம் சொட்டச் சொட்ட முப்பது கடிதம். பையன் தோற்றுப்போனதும் முப்பத்தொன்றாவதில் அவனைத் தின்னக் காத்திருக்கிறார், அப்போதும் பாசம் குறையவில்லை. டெர்ரி பிராட்செட்டின் 'எரிக்' இன்னும் குசும்பு. நரகத்தின் அரசன் தொல்லை தாங்காமல் மற்ற பேய்கள் அவனுக்குப் பெரிய பட்டமும் தனி அறையும் கொடுத்து, குறிப்பு எழுதிக்கொண்டிரு என்று உட்காரவைத்துவிடும்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. 'பத்து லட்சம் அரக்கர் படை' என்று மூன்று கதைகளில் படித்துவிட்டேன். டோல்கீனும் இளம் வயதில் அப்படித்தான். ஆரம்ப வரைவுகளில் பால்ராக்குகள் கூட்டங்கூட்டமாக வரும். பிற்காலத்தில் தன் பிரதியின் ஓரத்தில், மொத்தமே மூன்று, மிஞ்சினால் ஏழுதான் இருந்திருக்கும் என்று குறித்துவைத்தார். அதனால்தான் அவர் நாவலில் மோரியாவின் பாலத்தில் ஒன்றே ஒன்று எழுந்து வரும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

இனி நம் வீட்டுச் சொற்களுக்கு வருகிறேன். டீமன் என்றாலே அசுரன் என்று போட்டுவிடுகிறீர்கள். அசுரன் வேறு ஜாதி ஐயா. அவன் தேவர்களுக்குப் பங்காளி, ஒரே காசியபரின் பிள்ளைகள். அவன் மேலே வருவது தவத்தால், தவம் கொடுக்கும் வரத்தால். கந்தபுராணத்துச் சூரபத்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டது சிவனிடம் வாங்கிய வரத்தின் பலத்தில். வரம் என்பதும் ஒப்பந்தம்தான். அதில் ஓர் ஓட்டை இருந்தே தீரும், இரணியனைக் கேளுங்கள். பூதம் காவல் காக்கும். அது நின்ற இடத்தை விட்டு நகராது. குட்டிச்சாத்தான் ஏவினவனுக்கு வேலை செய்யும், வேலை இல்லாவிட்டால் ஏவினவனையே படுத்தும். காட்டேரிக்கு ரத்தம் வேண்டும். முனிக்கு எல்லை உண்டு, அதற்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் கண்டுகொள்ளாது. இந்தச் சொற்களுக்குள்ளேயே பசியும் வேலையும் அதிகார எல்லையும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் 'அசுரர் - தரம் 3' என்று ஒரே கோணிக்குள் திணிக்காதீர்கள். சிலப்பதிகாரத்து மதுரையில் பூதங்கள்கூட வருணப்படி நான்காக நிற்கும். அதைப் படிக்கும்போது மனிதன் தன் மேடுபள்ளத்தை எங்கெல்லாம் கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்று எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது ஒரு தடயம். உங்கள் பாதாளத்தில் நீங்கள் அறியாமலே கொண்டுபோய் வைத்திருப்பது என்ன என்று தேடிப் பாருங்கள்.

இதிலெல்லாம் எனக்கு வாத்தியார் செயங்கொண்டார்தான். கலிங்கத்துப்பரணியைப் பரீட்சைக்குப் படித்து மறந்தவர்கள் மறுபடி எடுங்கள். காளி கொலுவிருக்கிறாள். சுற்றிலும் பசியால் செத்துக்கொண்டிருக்கும் பேய்கள், பேய் சாகுமா என்று கேட்காதீர்கள். அவள் பக்கத்தில் நிற்கும் பேய்களில் ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. ஏன் இல்லை? முன்பு ஒரு சமயம் சக்கரக்கோட்டத்துப் போர்க்களத்தில் சமைத்த கூழ் கொதித்துத் தெறித்து அந்தக் கண் போயிற்று. இன்னொன்று ஊமை. பசி பொறுக்காமல் கூழைச் சுடச்சுட வாயில் விட்டுக்கொண்டதில் நாக்கு வெந்துபோன ஊமை. ஒரு புலவர், தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால், ராஜாவைப் புகழ வந்த இடத்தில், ஒரு எடுபிடிப் பேயின் கண் எப்படிப் போயிற்று என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பேய் எத்தனை போருக்குப் போயிருக்கிறது, எவ்வளவு நாள் பட்டினி கிடந்தது, அடுத்த போருக்கு ஏன் இவ்வளவு ஏங்குகிறது, எல்லாம் அந்த ஒரு குழிந்த கண்ணில் இருக்கிறது.

பிறகு இமயத்திலிருந்து திரும்பிய முதுபேய் வந்து சேர்கிறது, பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன, கலிங்கத்தில் போர் மூள்கிறது. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ். பந்தியில் யார் யார் என்று பாருங்கள். பார்ப்பனப் பேய், புத்தப் பேய், ஒருவேளை மட்டும் உண்ணும் சமணப் பேய். சமணப் பேய்க்கு மயிர் விழாமல் வடிகட்டி ஊற்றச் சொல்கிறார்கள். குருட்டுப் பேய் உண்டு, விருந்துக்கு வந்த பேயும் உண்டு. யாருக்கு எப்படி ஊற்றுவது என்பதில் அந்தக் காலத்து ஊரே தெரிகிறது. மேல் கீழ் என்பதைச் செயங்கொண்டார் கட்டம் கட்டிக் காட்டவில்லை. அகப்பையை யார் பிடித்திருக்கிறார்கள், கலம் யாருடையது என்பதில் காட்டிவிட்டார்.

கடைசியாக, உங்களில் ஒருவருக்கு மட்டும். பெயர் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் நாவலில் பாதாளக் கோட்டையின் படிக்கட்டில் ஒரு பேய் கையில் விளக்கோடு நிற்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் அதற்கு அரை வரி. அதன்பிறகு கதை அந்தப் படி வழியாக நான்கு முறை ஏறி இறங்குகிறது, நான்கு முறையும் அது அங்கேயே நிற்கிறது. ஒருமுறை சூடான எண்ணெய் மணிக்கட்டில் வழிவதாகவும் அது கையை மாற்றிக்கொள்ளாததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அட்டவணையில் அதைத் தேடினேன், எந்தக் கட்டத்திலும் இல்லை. நீங்கள் தெரியாமல் எழுதிவிட்ட பேய் அது என்று நினைக்கிறேன். எண்பது பக்கச் சண்டையை நான் தாண்டித் தாண்டிப் படித்தது அது மறுபடி வருகிறதா என்று பார்க்கத்தான். மேல்தளத்தில் வேந்தன் சாகிறான், கோட்டையின் கூரை இடிகிறது, நாயகன் குதிரையேறிப் போய்விடுகிறான், முற்றும் போட்டுவிட்டீர்கள். கீழே படிக்கட்டில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்குமே. வேந்தன் செத்துவிட்டான் என்று அதனிடம் போய்ச் சொன்னது யார்?

அன்புடன்,
உங்கள் கதைகளை ராத்திரியில் படிக்கும் ஒருவன்